72-க்கும் சி, 54-க்கும் சி: சின்ன வகுப்பில் தரம் போட எந்த முறை?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில் எங்கள் சனிக்கிழமை வகுப்பு கோயில் மண்டபத்தில் நடக்கிறது. ஆறாம் ஆண்டுக் கணிதத்துக்குப் பத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். போன வருடம் ஒரே ஒரு தவணைக்குத் தரம் போடும் முறையை மாற்றிப் பார்த்தோம். யார் எத்தனை புள்ளி எடுத்தாலும் சரி, வகுப்பில் முதல் 10 விழுக்காட்டினருக்கு ஏ, அடுத்த 20 விழுக்காட்டுக்கு பி, நடுவில் உள்ள 40-க்கு சி, அதன்பின் 20-க்கு டி, கடைசி 10-க்கு இ. பெல் கர்வ் என்று சொல்கிற மணி வளைகோட்டு முறை இது. பல்கலைக்கழகம் முடித்துவிட்டு எங்களுக்கு உதவ வந்த ஒரு தம்பி இதைச் சொன்னார். கேள்வித்தாள் கடினமாகிப் போனாலும் பிள்ளைகளுக்குப் பாதிப்பு இல்லை என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

தரத்தாள் கொடுத்த அன்று ஒரு தாய் வந்தார். கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையோடு நேரே மண்டபத்துக்கு வந்திருந்தார்.

“டீச்சர், எம்பொண்ணு எழுபத்திரண்டு. பக்கத்து வீட்டுப் பொண்ணு எழுபத்திமூணு. அதுக்கு பி, இதுக்கு சி. சரி, போவட்டும். அம்பத்திநாலு எடுத்த பையனுக்கும் சி போட்டிருக்கீங்க. இது என்னா கணக்கு?”

உங்கள் மகள் நான்காவது, பி-க்கு இரண்டு இடம்தான் இருந்தது என்பதுதான் பதில். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பிள்ளை எந்தத் தப்பும் செய்யவில்லை, கணக்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு லூனாஸ், கோலக்கெட்டில் பக்கம் டியூஷன் நடத்துகிறவர்களும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்களும் இதே குழப்பத்தோடு என்னிடம் பேசினார்கள். 2021-இல், ஆறாம் ஆண்டில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு எடுக்கப்பட்டது. மறு வருடம் படிவம் 3-இல் எழுதும் பி.டி.3-யும் போனது. படிவம் 5-இல் எழுதும் எஸ்.பி.எம். வரைக்கும் நாடு முழுவதும் ஒரே அளவுகோலாக இருந்த அந்தப் பெரிய சோதனைகள் இரண்டும் போய்விட்டன. “என் பிள்ளை எங்கே நிற்கிறான்?” என்று கேட்கிற பெற்றோருக்குப் பள்ளி ஒரு விடை சொல்கிறது, டியூஷன் இன்னொரு விடை சொல்கிறது. ஆகவே தரம் போடுகிற முறையை நாமே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த நான்கு முறைகளை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முறைகளுக்குள் போவதற்கு முன் கேள்விகளைத் தெளிவாக்கிக் கொள்வோம். நான் பார்ப்பது ஐந்து.

இந்தத் தரம் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்கிறதா, மற்றவர்களுக்கு நடுவில் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்கிறதா? கேள்வித்தாள் கடினமாகிவிட்டால் அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது? வகுப்பில் எத்தனை பேர் இருந்தால் இந்த முறை தாங்கும்? பிள்ளைகளுக்குள் உள்ள பழக்கத்தை இது என்ன செய்யும்? கடைசியாக, ஷிப்ட் முடித்து வந்து நிற்கிற ஒரு தாய்க்கு இரண்டு நிமிடத்தில் இதை விளக்க முடியுமா?

ஐந்தாவதை முன்பு நான் பொருட்டாக எண்ணவில்லை. இப்போது அதைத்தான் முதலில் கேட்கிறேன்.

எல்லா முறைக்கும் ஒரே புள்ளிப் பட்டியலை வைத்துக்கொள்வோம். அந்தத் தவணையில் பத்துப் பேர் எடுத்தது: 82, 74, 73, 72, 58, 55, 54, 40, 36, 26. சராசரி 57.

## வளைகோடு: பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தரம்

இதன் நியாயத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நியாயம் உண்மையாகவே இருக்கிறது.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். ஆளுக்கு வெட்ட வேண்டிய மரங்களை நிரை நிரையாகப் பிரித்துக் கொடுத்த பிறகு வேலை. மதியம் ஸ்டோரில் பால் நிறுப்பார்கள். மழை பிடித்த நாளில் எல்லாருடைய வாளியும் குறையும். கிழட்டு மரங்கள் உள்ள நிரை கிடைத்தவருக்கு எப்போதும் குறையும். இளமரம் கிடைத்தவருக்கு நிறையும். வெறும் கிலோவை வைத்து யார் நல்ல வெட்டாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே நாளில், அதே மாதிரி மரத்தை வெட்டியவர்களோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

வளைகோட்டின் வாதமும் இதுவே. கடினமான தாள் என்பது மழை நாள். எங்கள் பத்துப் பேருக்கும் 15 புள்ளி குறைந்திருந்தால் முதல் பிள்ளைக்கே 67-தான். 80-க்கு மேல்தான் ஏ என்று வைத்திருந்தால் ஒருவருக்கும் ஏ கிடையாது. வளைகோட்டில் ஒரு தரமும் மாறாது. தாள் போட்டவர் செய்த பிழைக்குப் பிள்ளை தண்டனை அனுபவிப்பதில்லை.

இந்த எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவில் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் மேயர் என்ற பேராசிரியர் 1908-இல் இதை எழுதினார். அங்கே ஒரு பாடத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் தரம், இன்னொரு பாடத்தில் அது அரிதிலும் அரிது. ஆசிரியரின் கை தாராளமா இறுக்கமா என்பதே மாணவரின் தலைவிதியாக இருந்தது. அதற்கு மருந்தாக அவர் சொன்னது: மேலே 3 விழுக்காடு, அடுத்து 22, நடுவில் 50, பின் 22, கடைசியில் 3. இங்கிலாந்தில் 1960-களிலிருந்து 1987 வரை ஏ-லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்விலும் ஏறக்குறைய இப்படித்தான் பங்கு வைத்தார்கள். ஏ-க்கு 10 விழுக்காடு, பி-க்கு 15, சி-க்கு 10, டி-க்கு 15, இ-க்கு 20. பல பேர் திருத்துகிற, பல்லாயிரம் பேர் எழுதுகிற தேர்வில் இதற்கு ஒரு பொருள் உண்டு.

எங்கள் மண்டபத்தில் அந்தப் பொருள் இல்லாமல் போனது. முதல் காரணம் எண்ணிக்கை.

மணி வடிவம் தானாக வருவதில்லை. நிறையப் பேர் இருக்க வேண்டும். அப்போதுதான் சராசரியை ஒட்டி ஒரு கூட்டமும், இரு பக்கமும் மெலிந்துபோகும் வாலும் உருவாகும். பத்துப் பேரில் அது உருவாகாது. எங்கள் பட்டியலை மறுபடி பாருங்கள். 74, 73, 72 ஒரு குவியல். 58, 55, 54 இன்னொரு குவியல். 72-க்கும் 58-க்கும் நடுவில் பெரிய பள்ளம். எல்லை போட வேண்டுமானால் அந்தப் பள்ளத்தில் போட வேண்டும். விழுக்காடு அதைப் பார்க்காது. அது முதல் குவியலை நடுவே வெட்டி, 72-ஐக் கொண்டுபோய் 54-ஓடு சேர்த்துவிட்டது. அந்தத் தாய் கேட்டது இதைத்தான்.

2020-இல் கொரோனாவால் தேர்வு நடக்காதபோது, இங்கிலாந்தில் ஏ-லெவல் தரங்களைக் கணக்கு வாய்பாடு ஒன்றின் மூலம் போட்டார்கள். அந்தப் பள்ளியின் முந்தைய ஆண்டு முடிவுகள் எப்படிப் பரவியிருந்தனவோ அதே பரவலில் இந்த ஆண்டுப் பிள்ளைகளையும் வரிசைப்படுத்தி உட்கார வைப்பதுதான் அதன் அடிப்படை. ஆசிரியர்கள் கொடுத்த தரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு கீழே இறங்கியது. நலிந்த பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளையை அந்தப் பள்ளியின் பழைய முடிவுகள் கீழே இழுத்தன. ஆகஸ்ட் 13-இல் வெளியான முடிவை நான்கே நாளில் திரும்பப் பெற்றார்கள். இந்தக் கதையில் நான் குறித்து வைத்துக்கொண்டது வேறொன்று. ஒரு பாடத்தில் ஐந்து பேர் அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் வாய்பாட்டைப் பயன்படுத்தாமல் ஆசிரியரின் தரத்தையே எடுத்துக்கொண்டார்கள். 15 பேர் வரை இரண்டையும் கலந்தார்கள். சின்ன எண்ணிக்கையில் இது நிற்காது என்று வாய்பாட்டைச் செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது. நம் நாட்டில் 150 மாணவருக்குக் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அமைச்சு வகைப்படுத்துகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் இந்த வகையைச் சேர்ந்தவை ஏராளம். ஓராண்டு வகுப்பில் எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் என்று இருக்கும் இடத்தில் வளைகோட்டுக்குக் கால் ஊன்ற இடமில்லை.

இரண்டாவது காரணம் என்னை இன்னும் உறுத்துகிறது. அடுத்த சோதனைக்குள் பத்துப் பிள்ளைகளும் உழைத்து ஆளுக்குப் பத்துப் புள்ளி ஏறினார்கள் என்று வையுங்கள். 36 எடுத்தவன் 46. 74 எடுத்தவள் 84. வளைகோட்டில் ஒருவருடைய தரமும் மாறாது. தாள் கடினமானதை மறைக்கிற அதே திரை, பிள்ளைகள் முன்னேறியதையும் மறைத்துவிடுகிறது. மூன்று மாதம் சனிக்கிழமை விளையாட்டை விட்டுவிட்டு வந்த பையன் வீட்டுக்குப் போய் மறுபடியும் டி என்று காட்ட வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. எங்கள் ஊரில் குடும்பங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதி ஆகிறது. அப்பாவுக்குச் சுங்கைப் பட்டாணியில் வேலை கிடைத்தால் பிள்ளையும் போய்விடும். முதல் இரண்டு பேர் போய்விட்டால் மூன்றாவது பிள்ளைக்கு ஏ கிடைக்கும். அவள் புதிதாக ஒரு கணக்கும் கற்றிருக்க மாட்டாள்.

மூன்றாவது, பிள்ளைகளின் பழக்கம். எங்கள் வகுப்பில் இரண்டு பெண்கள் ஒரே வேனில் வருவார்கள். பயிற்சி நூல் ஆளுக்கொன்று வாங்க முடியாது என்பதால் ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்வார்கள். பி-க்கு இரண்டு இடம்தான் என்று தெரிந்த வாரத்திலிருந்து ஒருத்தி நூலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு அவ்வளவு சீக்கிரம் புரிந்துவிட்டது. தோழிக்கு நான் சொல்லிக் கொடுத்தால் என் இடம் போகும். இந்த விலையை நான் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

பங்கு வைக்காத வளைகோடு ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் 2020 வரை, தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பி.எஸ்.எல்.இ. தேர்வில் டி-ஸ்கோர் என்று கொடுத்தார்கள். சராசரியை 50 என்று வைத்து, சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதை மொத்தப் பரவலோடு ஒப்பிட்டுச் சொல்வது. அதன்படி எங்கள் 82-க்கு 64, 72-க்கு 58.5, 54-க்கு 48 கிடைத்திருக்கும். குறைந்தபட்சம் 72-ஐயும் 54-ஐயும் ஒரே கூடையில் போட்டிருக்காது. ஆனாலும் ஒரு பிள்ளையின் எண் மற்றப் பிள்ளைகளைப் பொறுத்தே அமைகிறது, தேவையில்லாத நுணுக்கத்துக்குப் பிள்ளைகளைப் பிரிக்கிறது என்று சிங்கப்பூர்க் கல்வியமைச்சே 2021-இல் அதைக் கைவிட்டது. இப்போது அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை. 90-ம் அதற்கு மேலும் எடுத்தால் முதல் நிலை, யார் எத்தனை பேர் எடுத்தாலும். ஆண்டுதோறும் பல்லாயிரம் பிள்ளைகள் எழுதுகிற தேர்விலேயே இப்படி முடிவெடுத்திருக்கிறார்கள்.

வளைகோடு எங்கே சரி? நூற்றுக்கணக்கானோர் எழுத வேண்டும். தாள் புதிது, அதன் கடினம் யாருக்கும் முன்பே தெரியாது. பல ஆசிரியர்கள் திருத்துகிறார்கள். இடங்களோ எண்ணிச் சில. இவை நான்கும் சேர்ந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

## நிலையான எல்லைக்கோடு: முன்பே சொன்ன புள்ளிக்குத் தரம்

நமக்குப் பழகிய முறை. நாங்கள் இப்போது வைத்திருப்பது 80-க்கு ஏ, 65-க்கு பி, 50-க்கு சி, 35-க்கு டி, அதற்குக் கீழே இ. அந்தப் பத்துப் பேருக்கு இதைப் போட்டால் ஓர் ஏ, மூன்று பி, மூன்று சி, இரண்டு டி, ஓர் இ. 72 எடுத்தவளுக்கு பி. பத்துப் பேரும் பத்துப் புள்ளி ஏறினால் நான்கு ஏ, இரண்டு பி, இரண்டு சி, இரண்டு டி. இ எடுத்தவர் ஒருவரும் இல்லை. பிள்ளைகளின் உழைப்பு தாளில் தெரிகிறது. தோழிக்குச் சொல்லிக் கொடுத்தால் ஒன்றும் குறையாது. பெற்றோருக்கு விளக்க அரை நிமிடம் போதும்.

வாழ்க்கையில் பின்னால் வருகிற பல கதவுகளும் இப்படிப்பட்டவைதான். எஸ்.பி.எம்.மில் 10 ஏ-யும் அதற்கு மேலும் எடுப்பவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக முன்படிப்பில் இடம் உண்டு என்று 2024-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தபோது நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் மகிழ்ச்சி! அதற்குக் காரணம் அது ஒரு கோடு என்பதே. எத்தனை பேர் தாண்டினாலும் தாண்டலாம். பங்கு என்றால் அந்த உறுதி வராது.

மறைந்திருக்கும் செலவு முழுக்க கேள்வித்தாளில் இருக்கிறது. இந்த முறையில் எல்லாப் பாரமும் தாள் போடுகிறவர் மேல். கடினமாகிவிட்டால், முன்னே சொன்ன 15 புள்ளிக் குறைவில், ஏ ஒன்றும் இல்லை, இ மூன்று. எளிதாகிவிட்டால் எல்லாருக்கும் ஏ. டியூஷன் வகுப்புகளில் இரண்டாவது ஆபத்துதான் அதிகம். தரத்தாளைப் பார்த்துத்தான் பெற்றோர் அடுத்த மாதக் கட்டணம் கட்டுகிறார்கள். தாளைக் கொஞ்சம் இளக்கிவிடத் தோன்றும். அந்த ஏ-யை நம்பி இடைநிலைப்பள்ளிக்குப் போகிற பிள்ளை படிவம் 1-இல் தடுமாறும்.

இன்னொன்று, கோட்டின் விளிம்பு. 79-க்கும் 80-க்கும் உண்மையில் வேறுபாடு இல்லை, தரத்தில் இருக்கிறது. இதற்கு முழு மருந்து கிடையாது. தரத்தோடு புள்ளியையும் எழுதிவிட்டால் பாதி வலி குறையும்.

தாளின் கடினத்தை அறிய நான் கையாளும் வழி ஒன்றைச் சொல்கிறேன், செலவில்லாதது. ஒவ்வொரு சோதனையிலும் ஆறு கேள்விகளைப் போன வருடத் தாளிலிருந்து அப்படியே எடுத்து வைக்கிறேன். அந்தத் தாள் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஆண்டுப் பிள்ளைகள் அந்த ஆறில் போன ஆண்டைப் போலவே செய்து, மற்றக் கேள்விகளில் மட்டும் விழுந்தால், குற்றம் தாளில். ஆறிலும் விழுந்தால் பாடம் ஏறவில்லை, நான்தான் திரும்ப நடத்த வேண்டும். ஸ்டோரில் பாலை நிறுப்பதோடு நிறுத்த மாட்டார்கள், அதில் ரப்பர் எவ்வளவு என்றும் சோதிப்பார்கள். அது போலத்தான் இந்த ஆறு கேள்விகள். கேள்வி ஒன்று பிழையாகிவிட்டால் அதை எல்லாருக்கும் எடுத்துவிட்டு மீதிக்குப் புள்ளியைக் கணக்கிடுகிறேன். கோட்டை மட்டும் நகர்த்துவதில்லை.

எஸ்.பி.எம். பற்றி ஒரு வார்த்தை. ஏ+ முதல் ஜி வரை பத்துத் தரம் 2009 முதல் இருக்கிறது. எந்தப் பாடத்தில் எத்தனை புள்ளிக்கு எந்தத் தரம் என்பதைத் தேர்வு வாரியம் ஊரறியச் சொல்வதில்லை. கூடுதல் கணிதத்துக்கு இவ்வளவு போதும், வரலாற்றுக்கு அவ்வளவு போதும் என்று டியூஷன் வட்டாரங்களில் உலவுகிற எண்களைப் பிள்ளையிடம் சொல்லி அதன் இலக்கைத் தாழ்த்திவிட வேண்டாம்.

## புள்ளி ஏற்றுதல்: முதல் பிள்ளையை 100 ஆக்குவது

தாள் கடினமாகிவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டால் பலர் உடனே சொல்வது இதுதான். முதல் பிள்ளை 82 என்றால் எல்லாருக்கும் 18 கூட்டு. கேட்க இனிமையாக இருக்கும். யாருக்கும் குறைவதில்லை.

எங்கள் பட்டியலில் போட்டுப் பாருங்கள். 54 எடுத்தவன் 72 ஆகி பி வாங்குவான். இப்போது 82 எடுத்த பெண்ணுக்கு அன்று காய்ச்சல், வரவில்லை என்று வையுங்கள். முதல் புள்ளி 74. எல்லாருக்கும் 26 கூட வேண்டும். அதே 54 இப்போது 80. ஏ! ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்ததால் ஒரு பையனுக்கு இரண்டு கணக்கு கூடத் தெரிந்துவிடுமா? மறுபுறம், அந்தப் பெண் 98 எடுத்துவிட்டால் எல்லாருக்கும் இரண்டே புள்ளி. மற்றப் பிள்ளைகள் அவளைப் பார்க்கிற பார்வையை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2012 இறுதியில் நடந்தது இதன் ஓட்டையை நன்றாகக் காட்டுகிறது. கணினிப் பேராசிரியர் பீட்டர் ஃபுரோலிக், வகுப்பில் யார் அதிகம் எடுக்கிறாரோ அதை 100 ஆகக் கொண்டு மற்றவர்களுக்குக் கணக்கிடுவார். மாணவர்கள் தங்களுக்குள் பேசி, ஒருவர்கூடத் தேர்வெழுத உள்ளே போகவில்லை. மிக உயர்ந்த புள்ளி சுழியம், ஆகவே எல்லாருக்கும் முழுப் புள்ளி. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஏ கொடுத்தார். பிறகு விதியைத் திருத்திக்கொண்டார்.

சோதனை முடிந்த பிறகு ஒருமுறை கை கொடுக்க வேண்டியிருந்தால் இதைப் பயன்படுத்தலாம். வழக்கமான முறையாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

## அடைவுநிலை: எது தெரியும் என்று எழுதுவது

பள்ளியில் இப்போது நடப்பது. பள்ளி சார்ந்த மதிப்பீடு 2011-இல் தொடங்கியது. வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு திறனுக்கும் 1 முதல் 6 வரை அடைவுநிலை போடுகிறார்கள். பிள்ளையை யாரோடும் ஒப்பிடுவதில்லை. பாடத்திட்டத்தோடு ஒப்பிடுகிறார்கள்.

எங்கள் பட்டியலில் 26 எடுத்த பையனை எடுத்துக்கொள்ளுங்கள். வளைகோட்டில் அவன் இ. எல்லைக்கோட்டிலும் இ. ஒவ்வொரு கேள்வியாக எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது வேறு. பெருக்கலும் வகுத்தலும் அவனுக்கு நன்றாக வருகின்றன. நேரம், பணம் பற்றிய கணக்குகளும் பிழையில்லை. பின்னம் வந்த இடமெல்லாம் விட்டுவிட்டான். விழுக்காடும் தசமமும் பின்னத்தின் மேல் நிற்பதால் அவையும் விழுந்தன. நான்காம் ஆண்டில் பின்னம் நடத்திய மாதங்களில் குடும்பம் இடம் மாறியதில் அவன் பள்ளிக்குச் சரியாகப் போகவில்லை என்று பாட்டி சொன்னார். இ என்ற எழுத்து இதில் எதையும் சொல்லவில்லை. அடைவுநிலைத் தாள் சொல்லியது, நாலு சனிக்கிழமை பின்னம் மட்டும் நடத்தினேன்.

ஆனால் செலவை மறைக்கக் கூடாது. பத்துப் பேருக்கு இப்படிப் பார்க்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. முப்பத்தைந்து பேர் உள்ள வகுப்பில், பல பாடம் நடத்துகிற ஆசிரியரிடம் இதைக் கேட்டால் நாளடைவில் எல்லாருக்கும் 4, 5 என்று விழத் தொடங்கும். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. பெற்றோருக்கோ நிலை 4 என்றால் நல்லதா கெட்டதா என்று புரிவதில்லை. “ஏ-வா பி-யா, அத சொல்லுங்க டீச்சர்” என்றுதான் கேட்பார்கள். ஐந்து பேருக்கு உதவிநிதி கொடுக்க வேண்டுமானால் இதை வைத்துத் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்க்கிறோம் | வளைகோடு | நிலையான எல்லை | புள்ளி ஏற்றுதல் | அடைவுநிலை |
|---|---|---|---|---|
| தரம் சொல்வது | வகுப்பில் உள்ள இடம் | தாளில் எவ்வளவு தெரிந்தது | முதல் பிள்ளையிலிருந்து எவ்வளவு தூரம் | எந்தத் திறன் வந்தது, எது வரவில்லை |
| தாள் கடினமானால் | பாதிப்பில்லை | பிள்ளை தலையில் விழும் | பாதி ஈடாகும் | ஆசிரியர் கவனித்தால் பாதிப்பில்லை |
| பத்துப் பேர் வகுப்பில் | நிற்காது | நிற்கும் | ஒரு பிள்ளையை நம்பி நிற்கும் | மிக நன்று |
| எல்லாரும் முன்னேறினால் | தெரியாது | தெரியும் | தெளிவாகத் தெரியாது | தெளிவாகத் தெரியும் |
| பிள்ளைகளுக்குள் | போட்டி, ஒளித்து வைத்தல் | உதவி தடையில்லை | முதல் பிள்ளை மேல் கோபம் | உதவி தடையில்லை |
| ஆசிரியரின் வேலை | குறைவு | தாள் போடுவதில் அதிகம் | மிகக் குறைவு | மிக அதிகம் |
| பெற்றோருக்கு விளக்குவது | கடினம் | எளிது | எளிது | நேரம் பிடிக்கும் |

## உங்கள் நிலைமைக்கு எது

முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான பிள்ளைகளுக்கு அடைவுநிலை மட்டும் போதும். எழுத்துத் தரம் வேண்டவே வேண்டாம். வாசிக்கத் தெரிகிறதா, கூட்டக் கழிக்க வருகிறதா என்று எழுதிக் கொடுங்கள்.

நான்கு முதல் ஆறு வரை, பதினைந்து பேருக்குக் குறைந்த வகுப்பென்றால், நிலையான எல்லை. வருடத்துக்கு இரண்டு முறையாவது கேள்வி கேள்வியாகப் பிரித்து ஓர் அடைவுத்தாள். இரண்டும் சேர்ந்தால்தான் முழுமை. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், பின்தங்கிய மூன்று பேருக்காவது அடைவுத்தாளைச் செய்யுங்கள். முன்னே இருக்கிற பிள்ளைக்கு எந்த முறையும் தீங்கு செய்துவிடாது.

படிவம் 4, 5 வகுப்புகளுக்கு நிலையான எல்லை. பழைய எஸ்.பி.எம். தாள்களையும் முன்னோட்டத் தாள்களையும் வைத்து, பிள்ளை தன்னுடைய சென்ற மாதப் புள்ளியோடு ஒப்பிடட்டும். இந்த வயதில் வகுப்பு வரிசை சொல்வதில் ஓரளவு பயன் உண்டு என்று சொல்கிறவர்களை நான் மறுக்கவில்லை. நாடு முழுவதும் உள்ளவர்களோடுதான் அந்தப் பிள்ளை மேற்படிப்பு இடத்துக்கு நிற்கப் போகிறது. ஆனால் எட்டுப் பேர் வகுப்பில் முதலாவதாக வருவது அந்தப் பெரிய வரிசையைப் பற்றி எதுவும் சொல்லாது. மாவட்ட அளவிலான முன்னோட்டத் தேர்வில் எழுத வையுங்கள். பயன்படும் ஒப்பீடு அங்கேதான் கிடைக்கும்.

கோயிலோ சங்கமோ ஐந்து பேருக்குக் கல்வி நிதி கொடுக்கிறது என்றால் வரிசைப்படுத்தாமல் முடியாது. இடம் ஐந்துதான். அங்கே வரிசை நியாயமானது, சொல்லிவிட்டுச் செய்யலாம். அதைத் தரம் என்று பெயரிட்டுத் தரத்தாளில் ஏற்றாதீர்கள். ஆறாவதாக வந்த பிள்ளை ஏ எடுத்த பிள்ளையாகவே இருக்கட்டும்.

பெரிய கல்லூரிகளில், ஒரே பாடத்தைப் பத்து விரிவுரையாளர்கள் நடத்துகிற இடங்களில், வளைகோடு ஒரு கட்டுப்பாடாகப் பயன்படும். அங்கும் எச்சரிக்கை தேவை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004-இல் ஏ தரங்களை 35 விழுக்காட்டுக்குள் வைக்க முயன்றது. பத்து ஆண்டுக்குப் பின் அதைக் கைவிட்டது. பிள்ளைகள் பதற்றத்தில் ஒருவரை ஒருவர் போட்டியாளராகப் பார்க்கத் தொடங்கியது சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று. வேன் தோழிகள் இருவரையும் எனக்கு அது நினைவூட்டியது.

எந்த முறையை எடுத்தாலும் சோதனைக்கு முன்பே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். முடிந்த பிறகு முறையை மாற்றினால், அது எவ்வளவு நல்ல முறையாக இருந்தாலும், யாருக்காகவோ செய்தது போல் தெரியும். சின்ன ஊரில் அந்தப் பேச்சு வேகமாகப் பரவும்.

எங்கள் தாளில் இப்போது நான்கு வரி இருக்கிறது. புள்ளி, தரம், சென்ற சோதனையின் புள்ளி, அடுத்துப் படிக்க வேண்டிய ஒரு தலைப்பு. 72 எடுத்தவளின் தாளை பி என்று திருத்தி, அடுத்த சனிக்கிழமை அவள் அம்மாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வகுப்பில் எத்தனையாவது என்று கேட்கிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்கிறேன், பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது.